அபவ் மென்ஷன்டு அக்கா

எங்கள் டைப் இன்ஸ்டிடியூட், புதுக்கோட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. மரப்படியில் ஏறும்போதே கீழேயிருந்து சுக்கும் திப்பிலியும் மூக்கில் ஏறும். மேலேயிருந்து அந்த அக்காவின் குரல் காதில் ஏறும்.

"தி... அ-பவ்-மென்-ஷன்டு... பெ-டி-ஷ-னர்..."

பன்னிரண்டு மிஷின்கள் ஒரே நேரத்தில் சடசடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அத்தனை சத்தத்துக்கும் மேலே அந்தக் குரல் தனியாகக் கேட்கும். உரக்கக் கத்துவதில்லை, முணுமுணுப்புதான். ஆனால் ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையையும் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டில் அழுத்தம் விழ வேண்டுமோ அந்தத் துண்டுக்கு மோவாயை ஒரு வெட்டு வெட்டுவார். 'மென்' என்னும்போது மோவாய் இறங்கும், கொண்டை ஆடும், பெருவிரல் இடைவெளிக் கட்டையைத் தட்டும். மூன்றும் ஒரே நொடியில் நடக்கும்.

முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேனே, ஒரு மாதம் வரைக்கும் பிடிக்கவில்லை. பெண்கள் என்று இருந்தது நாங்கள் இரண்டே பேர். அதனால் எங்கள் இரண்டு பேரையும் மூலையில் அடுத்தடுத்த மிஷினில் உட்கார வைத்து, ஆண்கள் பக்கம் ஒரு துணித் தட்டியை இழுத்து விட்டிருந்தார் மாஸ்டர். தட்டி ஆண்களை மறைத்தது. பக்கத்து வாயை மறைக்கவில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கியவள். அந்தக் கொழுப்பு வேறு. எட்டாவதோடு நின்றுபோன ஒருத்தி என் காதுக்குள் 'பெ-டி-ஷ-னர்' என்று ஓதினால் எனக்கு எப்படி இருக்கும்!

"மாஸ்டர், இவங்க கொஞ்சம் வாய மூடிக்கிட்டு அடிக்கக் கூடாதா? எனக்கு ஓடவே மாட்டேங்குது" என்று இரண்டாம் நாளே புகார் கொடுத்தேன்.

மாஸ்டர் என் தாளையும் அக்காவின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் தாளில் வலது ஓரம் முழுக்கச் சிவப்பு வட்டம். அக்காவின் தாளில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

டைப் அடித்தவர்களுக்குத் தெரியும். வரி முடியப்போகிறது என்று மிஷின் ஒரு மணி அடிக்கும். அதற்கப்புறம் ஆறேழு எழுத்துக்குத்தான் இடம். வார்த்தை அதற்குள் அடங்காவிட்டால் உடைத்து, ஒரு கோடு போட்டு, மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ள வேண்டும். கண்ட இடத்தில் உடைத்தால் தப்பு. பரீட்சையில் மார்க் போய்விடும். எங்கே உடைக்கலாம் என்று யோசிக்கிற நேரத்தில் இன்னொரு வரி அடித்துவிடலாம். நான் யோசித்தேன், யோசித்தும் தப்பாகவே உடைத்தேன். அக்கா யோசிப்பதே இல்லை. அவர் வாயில் வார்த்தை ஏற்கெனவே உடைந்துதான் கிடந்தது.

"எப்படிக்கா?" என்று ஒரு நாள் மானத்தை விட்டுக் கேட்டேன்.

அக்கா கட்டுமாவடிப் பக்கத்துக்காரர். பிறந்த வீட்டில் மீன் வியாபாரம். புதுக்கோட்டைக்குக் கல்யாணமாகி வந்து, புருஷனும் போய்ச் சேர்ந்து, இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்றவர். பகலில் ஒரு ஆபீசில் வேலை. கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"மீனு வெட்டுற மாதிரித்தேன் தங்கச்சி. தல, நடுத்துண்டு, வாலு. 'அபவ்' தல. 'மென்ஷன்' நடுத்துண்டு. கடேசில ஒட்டிக்கிட்டு இருக்குற 'டு' வாலு. முள்ளு எங்கிட்டு ஓடுதுன்னு பாரு. 'பவ்'ல கொஞ்சம் முள்ளு இருக்கு, ஆனா பெரிய முள்ளு 'மென்'ல இருக்கு. அதுமேல கத்திய வச்சிராத. இதுல ஏற்கெனவே நடுவுல ஒரு கோடு கெடக்குல்ல? அதுலயே வெட்டிரு. புதுசா இன்னொரு வெட்டுப் போட்டா மீனு கந்தலாயிரும்."

நான் 'மென்'னுக்கும் 'ஷன்டு'க்கும் நடுவே வெட்டித்தான் ஒரு வாரமாகச் சிவப்பு வட்டம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"சரிக்கா, அபவ் மென்ஷன்டுன்னா என்ன அர்த்தம்?" என்று என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகக் கேட்டேன்.

"அது எனக்கெதுக்கு?" என்றார் அக்கா. கூச்சமே இல்லை. "எங்க ஆபீசுல எல்லா லெட்டர்லயும் வரும். பெரிய மனுசன் யாராச்சும் இருக்கும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். 'மேலே சொல்லப்பட்ட' என்று அர்த்தம் சொன்னேன். "அம்புட்டுத்தானா?" என்று கேட்டுவிட்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தார். அன்றைக்கே அந்தக் கதையை நான் ஊதிவிட்டேன். அன்றுமுதல் இன்ஸ்டிடியூட்டில் அவர் பெயர் அபவ் மென்ஷன்டு அக்கா.

அவரிடம் ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி இருந்தது. அட்டை போய், மாவு போட்டு ஒட்டின காகிதத்தோடு இருக்கும். அதில் ஒவ்வொரு வார்த்தையையும் புள்ளி வைத்துப் பிரித்து, அழுத்தத்துக்கு ஒரு சின்னக் கீற்றும் போட்டிருக்கும். அக்கா அந்தப் புள்ளியையும் கீற்றையும் மட்டும் படிப்பார். பக்கத்தில் அச்சடித்திருக்கும் அர்த்தத்தின் பக்கம் கண்ணையே திருப்ப மாட்டார். "ரெண்டையும் படிக்க நமக்கு ஏது நேரம்?" என்பார். மணியான வார்த்தை ஏதாவது கிடைத்துவிட்டால் போதும், மிஷினைத் தாண்டி என் பக்கம் தலையை நீட்டுவார். "தங்கச்சி, இங்கிட்டு பாரு! ஆப்-சென்ட்-மைன்-டெட்! நாலு துண்டு! முள்ளு மூணாவதுல!" தெருவில் லாட்டரி விழுந்தவன்கூட அப்படிக் கூவ மாட்டான்.

ஒரு தடவை இன்ஸ்டிடியூட்டிலிருந்து எல்லோரும் சித்தன்னவாசலுக்குப் போனோம். மாட்டுவண்டி, புளிச்சாதம், ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டு. குகைக்குள் போய்த் தாமரைக் குளத்து ஓவியத்தைப் பார்த்துவிட்டு, வாயைப் பிளந்துவிட்டு, வெளியே வந்தால் அக்காவைக் காணோம். தேடினால், அடிவாரத்தில் இருந்த இங்கிலீஷ் போர்டு முன்னால் நிற்கிறார்.

"படம் பாக்கலையாக்கா? எம்புட்டு அழகா இருக்கு தெரியுமா?"

"இரு தங்கச்சி. இதப் பாரு. 'ராக்-கட்'. ரெண்டே துண்டு. ரெண்டுலயும் முள்ளு! இப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்ல!"

வெயிலில் முகம் கறுத்துப்போய், சந்தோஷம் தாங்காமல் நின்றுகொண்டிருந்தார். ஆயிரம் வருஷத்து ஓவியம் மேலே, இவர் கீழே பெயர்ப் பலகையோடு. எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது என்று இப்போது சொல்லலாம். நான் படித்த எந்த வார்த்தையும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

இதெல்லாம் வெறும் கிறுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. அக்காவின் சோறு இதில்தான் இருந்தது. புருஷன் வேலை பார்த்த சர்க்கார் ஆபீசிலேயே இரக்கப்பட்டு அவருக்குத் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை கொடுத்திருந்தார்கள். சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த சமயம். அந்தக் காலத்து வாய்மொழி நியமனமெல்லாம் செல்லாது, பரீட்சை பாஸ் பண்ணினால்தான் நிரந்தரம், இல்லாவிட்டால் பாஸ் பண்ணின வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா ஒரு தடவை எழுதி, தோற்றும் இருந்தார். அடுத்த தடவைதான் கடைசி.

ஒரு தப்பும் விடாத மனுஷி எப்படித் தோற்றார்? வாயால்தான். பரீட்சை ஹாலில் அவர் முணுமுணுக்க ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் வந்து, "வாயைத் திறந்தால் எழுப்பி வெளியே அனுப்பிவிடுவேன்" என்றிருக்கிறார். அக்கா வாயை மூடினார். வாயை மூடினதும் கையும் நின்றுவிட்டது. பத்து நிமிஷத்தில் மூன்றே வரி.

அதனால் இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு அடிக்கப் பழகியே தீர்வது என்று இறங்கினோம். நானும் சேர்ந்துகொண்டேன். புகார் கொடுத்தவளே நான்தானே! முதலில் பனங்கற்கண்டை வாயில் அடக்கிப் பார்த்தார். அதைக் கடித்துத் தின்றுவிட்டு முணுமுணுத்தார். முந்தானையைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முந்தானை நனைந்ததுதான் மிச்சம். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அடிக்கச் சொன்னது என் யோசனை. இரண்டு வரி அருமையாகப் போனது. மூன்றாவது வரியில் 'அபவ் மென்ஷன்டு' வந்தது. 'மென்' என்ற இடத்தில் அத்தனை தண்ணீரும் மிஷின் மேல், தாள் மேல், தட்டி மேல், அந்தப் பக்கம் இருந்தவர் மேல். மாஸ்டர் மிஷினைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வாயி என்னையக் குடிமுழுக வச்சிரும் தங்கச்சி" என்றார். அப்போது எனக்குச் சுருக்கென்றது.

இதற்கிடையில் இன்னொரு வேடிக்கையும் வெளிப்பட்டது. அக்கா வாயைக் கட்டின அந்த நாட்களில், தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரே குழப்பம். ஓடிக்கொண்டிருந்த மிஷின்களெல்லாம் நொண்ட ஆரம்பித்தன. கீரனூரிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு தடியன் இருந்தான். அவன்தான் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தான்.

"யக்கா, என்னக்கா இன்னிக்கி சொல்ல மாட்டேங்கிறீங்க? ஒங்க சத்தம் இல்லாம எங்களுக்குக் கையே வரலக்கா!"

"எனக்குந்தேன்" என்றது இன்னொரு குரல். "எனக்கும்" என்றது மூன்றாவது. மாஸ்டர் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். அக்கா முணுமுணுத்தால் எல்லோரும் வேகமாக அடித்தோம். அக்கா வாயை மூடினால் எல்லோரும் தேங்கினோம். ஒரு வருஷமாக அந்த மாடியே அவர் வாய்க்குத்தான் தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது, நான் உட்பட! மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருவருக்கு வாயை மூடக் கற்றுக்கொடுக்கப்போய், இப்போது பதினோரு பேருக்குக் காதை மூடக் கற்றுக்கொடுக்க வேண்டியதாகிவிட்டது. பரீட்சைக்கு இருந்ததோ பத்து நாள்.

பரீட்சைக்கு அவரவர் இன்ஸ்டிடியூட் அவரவர் மிஷினைக் கொண்டுபோக வேண்டும். வைக்கோல் மெத்தை போட்ட மாட்டுவண்டியில் எங்கள் மிஷின்கள் ஊர்வலமாகப் பள்ளிக்கூட ஹாலுக்குப் போயின. அக்கா மட்டும் தன் மிஷினை வண்டியில் ஏற்ற விடவில்லை. ஒரு ஜட்கா பிடித்து, அதைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் நான். வழி முழுக்க, "வாயத் தொறக்க மாட்டேன், வாயத் தொறக்க மாட்டேன்" என்று வாயைத் திறந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

ஹாலில் ஐந்தாறு இன்ஸ்டிடியூட்டுகள். நாங்கள் ஜன்னல் ஓரமாக இரண்டு வரிசை. அக்கா, பக்கத்தில் நான், எனக்குப் பின்னால் கீரனூர்த் தடியன். வெளியூரிலிருந்து வந்திருந்த சூப்பர்வைசர், ஒல்லியான மனிதர், முதலிலேயே சொல்லிவிட்டார்: "மிஷின் சத்தத்தைத் தவிர வேறு எந்தச் சத்தமும் வரக் கூடாது. உதடு அசைந்தாலும் தாளை வாங்கிவிடுவேன்."

மணி அடித்தது. எல்லா மிஷின்களும் ஒரே நேரத்தில் மழை கொட்டினாற்போல் இறங்கின. விவசாயத்தைப் பற்றிய பாடம். முதல் வரியிலேயே 'ஹார்ட் வர்க்கிங்' என்று ஒரு வார்த்தை.

நான் இரண்டாவது வரிக்குப் போய்விட்டேன். என் கை தடுமாறியது. என்னவோ குறைந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

அக்காவின் மிஷின் நின்றிருந்தது. உதட்டை அப்படி இறுக்கிக் கடித்திருந்தார், வெளுத்துப் போயிருந்தது. மோவாய் மட்டும் மெல்ல நடுங்கியது. விரல்கள் எழுத்துகள் மேல் அப்படியே கிடந்தன. தாளில் ஒரு வரிகூட முழுசாக இல்லை. அரை நிமிஷம் போயிருக்கும். எனக்கு வந்தது இரக்கமில்லை, கோபம். ஒரு வருஷம் என் காதைத் தின்றாயே, சிவப்பு வட்டத்தையெல்லாம் ஒழித்தாயே, இன்றைக்கா இப்படிக் கல்லாக உட்காருவாய்! அந்தக் கோபத்தில் என் மிஷினை ஒரு போடு போட்டேன்.

போட்டபோதுதான் தோன்றியது. மிஷின் சத்தம் வரலாம் என்றுதானே அந்த மனிதர் சொன்னார்?

அடித்த வரியை விட்டுவிட்டு, அக்கா நின்ற இடத்துக்கே திரும்பிப் போய் அடித்தேன். ஹார்ட். வர். கிங். துண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டையும் ஒரு கொத்தாக, முள் இருக்கிற இடத்தில் உரலில் இடிக்கிற மாதிரி. என் மிஷின் பழசு. ஓங்கி அடித்தால் மேஜையே அதிரும். ஒரு வார்த்தை. அடுத்த வார்த்தை. பின்னால் கீரனூர்த் தடியனுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அவன் கையும் அதே கொத்தில் விழுந்தது. அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன். பிறகு அந்த வரிசை. பிறகு எங்கள் வரிசை. அக்காவின் வாய் எங்கள் பதினோரு பேர் கையிலும் இருந்தது! லேசாக, லேசாக, ஓங்கி. லேசாக, ஓங்கி. ஹால் முழுக்க மற்றவர்கள் சலசலவென்று அடித்துக்கொண்டிருக்க, ஜன்னல் பக்கம் மட்டும் நெல் குத்துகிற சத்தம்.

எனக்கு இடது பக்கத்தில் ஒரு மிஷின் அசைந்தது. ஒரு எழுத்து. ஒரு துண்டு. ஒரு வார்த்தை. அப்புறம் என்ன, கண்மாய் உடைந்த மாதிரிதான்! அக்கா அடித்தார் பாருங்கள், உதடு பூட்டினபடி இருக்க, கொண்டை மட்டும் ஆட ஆட அடித்தார். மணி அடிக்கும், உடைப்பார், தள்ளுவார், அடுத்த வரி.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "யார் தாளம் போடுவது?" ஒருவரும் நிமிரவில்லை. எங்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் மூடியிருந்தது. குனிந்து மேஜைக்கு அடியில் கால்களைப் பார்த்தார். காலெல்லாம் தரையில் ஒழுங்காக இருந்தது. பாவம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நடுவில் நின்றார். பத்து நிமிஷம் முடிந்து மணி அடித்தபோது அக்கா கடைசிப் புள்ளியை வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். பரீட்சைக்கு வந்த அத்தனை ஆண்பிள்ளைகளும் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கலாம் போலவும் இருந்தது.

முடிவு தபாலில் வந்தது. அக்கா பாஸ். கீரனூர்த் தடியன் பாஸ், அதுவும் முதல் வகுப்பில். நான் தோற்றுப்போயிருந்தேன். அக்காவுக்காகத் திரும்பிப் போனேனே, அந்த வரியை இரண்டு தடவை அடித்து, அப்புறம் எங்கோ இரண்டு வரியை விட்டுமிருந்தேன். மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கத் தயங்கினார். நான் தோற்றதற்காகச் சந்தோஷப்பட்டேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன். வீட்டுக்குப் போய் நன்றாக அழுதேன். ஆனால் மறுபடி அதே ஹாலில் உட்கார்ந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அடுத்த பரீட்சையில் பாஸாகிவிட்டேன், அது வேறு விஷயம்.

அதற்குள் ஒரு நாள், என் எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்டுக்கு நகல் அடித்துத் தரச் சொல்லி அக்காவின் ஆபீசுக்குப் போனேன். உள்ளே நுழைந்தால் ஆபீஸே ஒரு மாதிரியாக இருந்தது. ஒருவரும் எழுதவில்லை. பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் அக்காவையே பார்க்கிறார்கள். ஹெட் கிளார்க், நரைத்த மீசைக்காரர், வாயில் விரலை வைத்து என்னைப் பேசாமல் நிற்கச் சொன்னார்.

அக்கா எதையும் கவனிக்காமல் அடித்துக்கொண்டிருந்தார். "அப்-பாயின்-டெட்... பர்-ம-னென்ட்-லி..." மோவாய் வெட்டியது. மணி அடித்தது. உடைத்தார், தள்ளினார். தாளை உருவித் தட்டில் வைத்துவிட்டு அடுத்த தாளைச் சொருகினார். மொத்த ஆபீஸும் கொல்லென்று சிரித்தது.

அக்கா திகைத்துப்போய் எழுந்தார். "என்னங்க? தப்பு விழுந்துருச்சுங்களா?"

"அந்தத் தாள்ல என்னம்மா அடிச்சீங்க?" என்றார் ஹெட் கிளார்க்.

"நீங்க குடுத்த ஆர்டருங்க."

"யாருக்கு?"

"அது தெரியாதுங்களே. பேரு கொஞ்சம் நீளமுங்க. ஓரத்துல வந்துச்சு. ரெண்டா உடைச்சு அடுத்த வரிக்குத் தள்ளிட்டேன்."

மறுபடி சிரிப்பு. ஹெட் கிளார்க்குக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் தட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். வரியின் ஓரத்தில் அந்த நீளமான பெயரின் பாதி, ஒரு கோடு, அடுத்த வரியில் மீதி. கீழே, மேற்படியாரை இந்த ஆபீசில் நிரந்தர டைப்பிஸ்டாக நியமித்திருக்கிறது என்ற சமாச்சாரம்.

"அக்கா, இது ஒங்க ஆர்டருக்கா. ஒங்களுக்கு வேலை நெரந்தரமாயிருச்சு. ஒங்க வேலைய நீங்களே அடிச்சிருக்கீங்க!"

அக்கா சிரிக்கவில்லை. தாளை வாங்கினார். மேல் வரியில் பாதிப் பெயரின் மேல் ஒரு விரலை வைத்தார், கீழ் வரியில் மீதியின் மேல் இன்னொரு விரலை வைத்தார். உதடு அசையவே இல்லை. பிறகு தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தங்கச்சி, இன்னொரு தடவ வாசி. எம்பேரப் பிய்க்காம, முழுசா வாசி."

வாசித்தேன். அந்த ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.